ரெட் டாக் கதை நிஜமா? பில்பரா பக்கம் வேலை பாத்தவங்க சொல்லுங்க

கேள்வி, 9 ஜூன் 2024

ஆஸ்திரேலியாவுல சுரங்க ஊர் ஒண்ணுல ரெட் டாக்னு ஒரு தெருநாய் இருந்துச்சாம். எஜமான் செத்துப்போன பிறகு அவரைத் தேடி வருஷக்கணக்கா ஊர் ஊரா அலைஞ்சு கடைசில ஏக்கத்துலயே செத்துப்போச்சாம். சினிமாகூட வந்திருக்கு. இது உண்மையா, இல்ல கம்பெனிக்காரங்க விளம்பரத்துக்குக் கட்டிவிட்ட கதையா?

9 ஜூன் 2024, இரவு 11.20

நாய் உண்மை தம்பி. டேம்பியர் ஊருக்குள்ள நுழையிற எடத்துல அதுக்குச் சிலையே இருக்கு, பக்கத்துல நின்னு தொட்டுப் பாத்திருக்கேன். 2012லருந்து 2017 வரைக்கும் அந்தப் பக்கம்தான் வேலை. ஏக்கத்துல செத்துச்சுங்கறது மட்டும் தப்பு. வெஷத்துல செத்துச்சு. நாளைக்கு உக்காந்து எழுதுறேன், காலைல சீக்கிரம் எந்திரிக்கணும்.

10 ஜூன் 2024, மாலை 6.05

மொதல்ல எடம் புரியணும், அப்பத்தான் நாய் புரியும். பில்பராங்கறது மேற்கு ஆஸ்திரேலியாவோட வடக்குப் பக்கம், பெர்த்துலருந்து டேம்பியருக்கு ரோட்டு வழியா 1,500 கிலோமீட்டருக்கு மேல. பரப்பு 5 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்ட மாதிரி கிட்டத்தட்ட நாலு மடங்கு, ஆனா மொத்த ஜனத்தையும் கூட்டியாந்து கோவில்பட்டில குடிவெச்சா எடம் மிச்சம் இருக்கும். மண்ணு முழுக்க இரும்புத் துரு. செங்கல்பொடி மாதிரி நைஸா இருக்கும், நகக்கண்ணுல ஏறினா ஊருக்கு லீவுல வந்து பத்து நாள் ஆனாலும் போகாது, எங்கம்மா என் வெள்ளை பனியன் எல்லாத்தையும் பாத்துட்டு மருதாணி அரைக்கிற வேலையா பாக்குறன்னு கேட்டாங்க. வெயில் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்றேன், அங்க மார்பிள் பார்னு ஒரு ஊர், 1923 அக்டோபர் கடைசில ஆரம்பிச்சு 1924 ஏப்ரல் வரைக்கும் தொடர்ந்து 160 நாள் பகல் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடாத நாளே இல்ல.

அந்த மாதிரி எடத்துல 1960கள்ல இரும்புத் தாது தோண்ட ஆரம்பிச்சாங்க. உள்ள டாம் பிரைஸ்ல தோண்டி, கடற்கரைல டேம்பியர்னு புதுசா ஒரு துறைமுகம் கட்டி, நடுவுல கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டருக்கு ரயில் போட்டு, 1966ல மொதல் கப்பல் போச்சு. ஹாமர்ஸ்லி அயர்ன்னு கம்பெனி பேரு. வீடு, மெஸ், பஸ் எல்லாம் கம்பெனிதுதான். டேம்பியர் மலைக்கும் கடலுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட ஊர், எடம் பத்தல, அதனால 1968ல பக்கத்துலயே கராத்தான்னு இன்னொரு ஊரைக் கட்டினாங்க. வந்தவங்க பாதிக்கு மேல தனிக்கட்டைங்க. இங்கிலாந்து, இத்தாலி, யூகோஸ்லாவியா, நியூசிலாந்துன்னு ஒவ்வொருத்தன் ஒவ்வொரு எடம், ஒருத்தனுக்கும் அந்த ஊர்ல சித்தப்பா பெரியப்பா கிடையாது, ஷிப்ட் முடிஞ்சா ரூம்ல ஒரு கட்டில், ஒரு ஃபேன், வெளிய இருட்டு.

நாய் பொறந்தது 1971ல, பாராபர்டூன்னு உள்ள இருக்கற சுரங்க ஊர்ல. கெல்பியும் கேட்டில் டாக்கும் கலந்தது. ரெண்டுமே மந்தை ஓட்டுற ஜாதி, நாள் பூரா ஓடினாலும் அசராது, கேட்டில் டாக்ல டிங்கோங்கற ஆஸ்திரேலியாக் காட்டு நாயோட ரத்தமும் இருக்கு. மொதல்ல வளத்தவர் கால் கம்மிங்ஸ்னு சொல்றாங்க, அவர்தான் அதைப் பாராபர்டூலருந்து டேம்பியருக்குக் கொண்டாந்தார். அவர் வெச்ச பேரு டாலி ஹோ. அப்புறம் அது ஜான் ஸ்டாசொனெல்லிகிட்ட ஒட்டிக்கிச்சு. அவர் ஹாமர்ஸ்லி அயர்ன்ல பஸ் டிரைவர். டிரைவர்கூட ஒட்டிக்கிட்ட நாய்க்கு டிக்கெட் ஏது, பஸ் போற எடமெல்லாம் அதுவும் போச்சு.

10 ஜூன் 2024, இரவு 9.48

ஒண்ணைத் திருத்திடறேன். கேள்வில தெருநாய்னு இருந்துச்சு, நானும் அதைத் தாண்டிப் போயிட்டேன். அது தெருநாய் இல்ல. ரெண்டு பேர் வளத்த நாய். ஆனா வளப்பு நாய்னும் முழுசா சொல்ல முடியாது, ஒரு வாசல்ல கட்டிப்போட்டு நின்ன நாய் இல்லையே. நம்ம ஊர்ல கோயில் மாடுன்னு விடுவோம்ல, யார் வீட்டு வாசல்ல போய் நின்னாலும் தவிட்டுத் தண்ணி கெடைக்கும், யாரும் அடிக்க மாட்டாங்க, யாரும் என்னுதுன்னும் சொல்ல மாட்டாங்க. கிட்டத்தட்ட அந்த மாதிரி.

12 ஜூன் 2024

பேர் பத்திக் கேட்டிருந்தீங்க. ரெட் டாக்னா செவப்பு நாய், செவலைன்னு சொன்னா நமக்கு இன்னும் சரியா இருக்கும். இன்னொரு பேர் புளூயி. நீலம்னு அர்த்தம் வர்ற பேரை செவப்பு நாய்க்கு எப்படி வெச்சாங்கன்னு நானும் கொழம்பியிருக்கேன், ஆஸ்திரேலியாக்காரங்க செம்பட்டை முடிக்காரனைத்தான் புளூயின்னு கூப்புடுவாங்க, அது அவங்க குசும்பு, ஒல்லியா இருக்கறவனைக் குண்டான்னு நாம கூப்புடறதில்லையா. இதுபோக வடமேற்கின் நாய், பில்பராவின் நாடோடின்னு பட்டங்கள்.

ஒரு நாய்க்கு இத்தனை பேர் ஏன்னா, ஒவ்வொரு எடத்துலயும் சோறு போட்டவன் ஒரு பேர் வெச்சிருக்கான், அடுத்த எடத்துக்காரனுக்கு அது தெரியாது. பெர்த், புரூம், ரோபோர்ன், பாயின்ட் சாம்சன், போர்ட் ஹெட்லண்ட் வரைக்கும் போயிருக்குன்னு சொல்றாங்க. போர்ட் ஹெட்லண்டே டேம்பியர்லருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல. தெரிஞ்ச வண்டி வந்தா ரோட்டு நடுவுல போய் நிக்குமாம், வண்டி நின்னதும் ஏறி உக்காந்துக்குமாம். பஸ்ல டிரைவருக்குப் பின்சீட்டு அதோடது, வேற யாராவது உக்காந்திருந்தா எந்திரிக்கற வரைக்கும் மொறைக்குமாம். வண்டிக்குள்ள அது விடுற வாயுவைப் பத்தியும் அங்க ஒரு கதைக்கு ஒன்பது கதை சொல்லுவாங்க, 45 டிகிரி வெயில்ல கண்ணாடியை எறக்கிட்டு ஓட்டணுமாம், ஆனா அதுக்காக ஒருத்தனும் நாயை எறக்கிவிட்டதில்ல.

15 ஜூன் 2024, காலை 10.30

இந்தத் துண்டைத்தான் ஆசையா எழுத நெனச்சேன். ரெட் டாக் யூனியன் மெம்பர். நெஜமாவே. டிரான்ஸ்போர்ட் ஒர்க்கர்ஸ் யூனியன்ல அதைச் சேத்திருந்தாங்க. டேம்பியர் சால்ட்ஸ் ஸ்போர்ட் அண்ட் சோஷியல் கிளப்லயும் மெம்பர். பேங்க் ஆஃப் நியூ சவுத் வேல்ஸ்ல அதுக்கு அக்கவுன்ட் இருந்துச்சு, ரெட்டே எங்க பேங்க்ல கணக்கு வெச்சிருக்குன்னா நீங்களும் வெக்கலாம்னு பேங்க்காரங்க விளம்பரம் பண்ணினதாவும் சொல்றாங்க.

கேக்குறதுக்கு வெளையாட்டா இருக்கும். ஆனா 1970கள்ல பில்பரால யூனியன் கார்டுங்கறது வெளையாட்டுச் சாமான் இல்ல. அடிக்கடி ஸ்ட்ரைக் நடந்த எடம் அது, கூட நிக்கறவன் யாருன்னு அந்தக் கார்டை வெச்சுத்தான் பாப்பாங்க. அதைப் போய் நாய்க்குக் குடுத்தாங்கன்னா, நீ எங்கள்ல ஒருத்தன்னு அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே பாஷைல சொல்லிட்டாங்கன்னுதான் நான் எடுத்துக்கறேன். ஒருத்தனை ஒருத்தன் கட்டிப்பிடிச்சு நீ என் தம்பிடான்னு சொல்ற ஆளுங்க இல்ல அவங்க. பக்கத்து ரூம்காரன்கிட்ட ஆறு மாசம் பேசாம இருப்பாங்க. ஆனா நேத்து நாய் உன்கிட்டயா சாப்டுச்சு, கால்ல முள்ளு இருந்துச்சே எடுத்துட்டியான்னு கேக்கலாம்ல. அப்படி ஆரம்பிச்சு ஊர் எது, கல்யாணம் ஆச்சான்னு போயிரும். நான் கேம்ப்ல இருந்தவன், இது எனக்குத் தெரியும்.

15 ஜூன் 2024, பிற்பகல் 2.15

உப்பு கிளப்னா என்னன்னு கேட்ட அண்ணனுக்கு. டேம்பியர் பக்கத்துல பெரிய உப்பளம் இருக்கு, 1970கள்லருந்து ஓடுது. நான் தூத்துக்குடிக்காரன், அப்பா உப்பளத்துல கணக்குப்பிள்ளை, அதனால மொதல் தடவை கராத்தா ரோட்டுல போறப்ப ரெண்டு பக்கமும் உப்புத் தண்ணியைப் பாத்ததும் வண்டியை ஓரங்கட்டி எறங்கிட்டேன். நம்ம பாத்தி மாதிரி நெனச்சுக்காதீங்க, ஒரு பாத்தியோட அந்தக் கரை கண்ணுக்குத் தெரியாது. கால்ல தண்ணி வழிய பலகை வெச்சு வாருற ஆளு ஒருத்தர்கூட இல்ல, எல்லாம் மெஷின். ஆனா அந்த வாடை இருக்கே, சேறும் உப்பும் வெயில்ல வேகுற வாடை, அது அச்சு அசலா முத்தையாபுரம்தான். கண்ணு கூசி நீர் வந்துச்சு, வெயிலுக்கா வேற எதுக்கான்னு எனக்கே தெரியல. அந்த உப்புக்காரங்க ஒரு நாயை மெம்பராக்கினாங்கன்னு அப்புறம் தெரிஞ்சப்ப எனக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சு.

19 ஜூன் 2024

ஜான் எப்படிச் செத்தார்னு கேட்டீங்க. 1975ல விபத்துல போயிட்டார். சுரங்கத்துல இல்ல.

22 ஜூன் 2024, இரவு 10.10

இப்ப கேள்வியோட முக்கியமான துண்டு, தேடி அலைஞ்சுதாங்கறது. இதுல நானே ரெண்டு தடவை மனசு மாறியிருக்கேன்.

அங்க போன புதுசுல நான் முழுசா நம்பினேன். ஆள் போனதும் நாய் ஊர் ஊரா அவரைத் தேடிச்சுன்னு கேட்டா யாருக்குத்தான் தொண்டை அடைக்காது. அப்புறம் யோசிச்சா, ஜான் உசுரோட இருக்கறப்பவே அது ஊர்சுத்திதானே. பஸ்ல போச்சு, கார்ல போச்சு, ரெண்டு நாள் காணாமப் போயி வந்துச்சு. செத்த பிறகு மட்டும் அதே அலைச்சலுக்குத் தேடல்னு பேர் வெக்கிறது நம்ம மனசு பண்ற வேலை. இன்னொண்ணு, 1975க்கு அப்புறம் அது தனியாவே அலைஞ்சுச்சுன்னு ஒரு பேச்சு, வைத்தியம் பாத்த கால்நடை டாக்டரும் ஊர்க்காரங்களும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டாங்கன்னு இன்னொரு பேச்சு. ரெண்டாவதுதான் எனக்கு நம்புற மாதிரி இருக்கு. சும்மா அலையிற நாய் பில்பரா வெயில்ல நாலு வருஷம் தாக்குப்பிடிக்காது. யாரோ தண்ணி வெச்சிருக்கான், யாரோ உண்ணி புடுங்கியிருக்கான்.

ஹாச்சிக்கோ மாதிரியான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். அது ஷிபுயா ஸ்டேஷன்ல காத்துக்கிட்டு இருந்துச்சு, 1925லருந்து 1935ல சாகுற வரைக்கும். இது ஒரு எடத்துல நிக்கல. அது ஒரே ஆளுக்கு விசுவாசமா இருந்த நாய், இதுக்குப் பாதி பில்பராவே ஆளுங்கதான்.

23 ஜூன் 2024, காலை 5.40

தூக்கம் வரல. நேத்து எழுதினது கொஞ்சம் கடுமையா இருக்கோன்னு தோணுது. தேடலன்னு அடிச்சுச் சொல்ல நான் யாரு. தெனம் அவர் உக்காந்திருந்த எடத்துல அவர் வாசனை இல்லாமப் போனது அதுக்குத் தெரியாமலா இருந்திருக்கும். பஸ்ஸுல ஏறி டிரைவரைப் பாத்துட்டு எறங்கிப் போறதை அங்க இருந்தவங்க பாத்திருந்தா அவங்க மனசு என்ன பாடுபட்டிருக்கும். ஊர்சுத்தி நாயும் ஒருத்தரைத் தேடலாம்.

30 ஜூன் 2024

கேம்ப்ல இருந்தவன், எனக்குத் தெரியும்னு எழுதினேன்ல, என்ன தெரியும்னு கேட்டுட்டீங்க. சொல்றேன், ஆனா கேம்ப் பேரையோ கம்பெனி பேரையோ கேக்காதீங்க.

2013. உள்ளுக்குள்ள ஒரு கேம்ப், அறுநூறு பேர், எல்லாரும் பிளேன்ல வந்து பிளேன்ல போறவங்க, மூணு வாரம் வேலை ஒரு வாரம் லீவு. காலைல நாலே முக்காலுக்கு பஸ் நிக்கிற எடத்துல ஒரு நாள் ஒரு பொட்டை நாய் நின்னுச்சு. செவலை நெறம், எடது காது நுனி கிழிஞ்சு ரெண்டா பிரிஞ்சிருந்துச்சு, வால்ல நுனி மட்டும் வெள்ளை. பக்கத்துல ஊர் கிடையாது, ஹைவேல எவனோ எறக்கிவிட்டுட்டுப் போயிருக்கணும். எந்த மிருகத்துக்கும் சோறு போடக்கூடாதுன்னு கேம்ப்ல எழுதியே மாட்டியிருக்கும், டிங்கோ பழகிரும்னு. ஆனா மெஸ்ல ரெண்டு பேர் தட்டுல வேணும்னே மட்டன் துண்டு ஒதுக்குறதைப் பாத்தேன், நானும் ஒதுக்கினேன்.

அது பஸ்ல ஏறாது. வரிசையா நாலு பஸ் கெளம்பும், ஒவ்வொண்ணுக்கும் வாசப்படி வரைக்கும் வந்து, ஏறுறவன் கைய ஒரு தடவை மோந்து பாத்துட்டு, அடுத்த பஸ்ஸுக்குப் போயிரும். நாலாவது பஸ்ஸும் போனப்புறம் போய் மெஸ் ஜெனரேட்டர் நெழல்ல படுத்துக்கும். சாயந்திரம் பஸ் வர்ற சத்தம் கேட்டா மறுபடி வந்து நிக்கும். என் கையக் கடைசியா மோந்துட்டுப் போனா அன்னிக்கு முழுக்க எனக்கு ஒரு மாதிரி தெம்பா இருக்கும், வெக்கமில்லாம சொல்றேன். எனக்கு அப்ப கல்யாணமாகி ஏழு மாசம், வீட்ல ஊர்ல இருந்தா, போன் சிக்னல் கேம்ப் கேட்டுக்குப் பக்கத்துல ஒரு மேட்டுல மட்டும்தான் வரும், அங்கயும் கூட வந்து உக்காந்துக்கும். அவ போன்ல யாரு பக்கத்துல மூச்சு வாங்குறதுன்னு கேட்டா.

ஒரு வாரம் லீவு முடிஞ்சு திரும்பி வந்தேன், பஸ்கிட்ட நாய் இல்ல. ரேஞ்சர் வந்து புடிச்சுட்டுப் போயிட்டார்னாங்க. நம்பர் வாங்கி போன் பண்ணேன். பேசின அம்மா நல்லாத்தான் பேசுனாங்க, யாராவது சொந்தம் கொண்டாடி ரிஜிஸ்தர் பண்ணி ஃபீஸ் கட்டினா விட்டுருவோம்னாங்க. உங்க அட்ரஸ் சொல்லுங்கன்னாங்க. கேம்ப் ரூம் நம்பர் சொன்னேன். அது வீட்டு விலாசம் இல்லையேன்னாங்க. அன்னிக்கு ராத்திரி மெஸ்ல ஒவ்வொரு டேபிளா போய்க் கேட்டேன், யாருக்காவது இங்க வீடு இருக்கா, கராத்தாலயோ ஹெட்லண்ட்லயோ, வாடகை வீடா இருந்தாலும் பரவால்ல. அறுநூறு பேர்ல ஒருத்தனுக்கும் இல்ல. எல்லாருக்கும் வீடு பெர்த்துல, பிரிஸ்பேன்ல, பாலில. அத்தனை பேர் கையயும் மோந்து பாத்த நாய்க்குக் கையெழுத்துப் போட ஒரு ஆள் இல்ல. நாலு நாள் கழிச்சு மறுபடி போன் பண்ணப்ப அது அங்க இல்லன்னு மட்டும் சொன்னாங்க. அதுக்கு மேல கேக்க எனக்கு வாய் வரல.

30 ஜூன் 2024, இரவு 11.55

ரெட் டாக் பத்திப் பேச வந்து என் கதையாப் போச்சு, ஆனா இதுக்காகத்தான் இந்தக் கேள்விக்கே பதில் எழுத ஆரம்பிச்சேன்னு இப்பத்தான் புரியுது. அந்தக் காலத்து டேம்பியர்ல ஆளுங்க குடியிருந்தாங்க. தனிக்கட்டையா இருந்தாலும் அங்கயேதான் தூங்கி எந்திரிச்சான், அங்கயே கிளப்புக்குப் போனான், தெருவுல குடும்பங்களும் இருந்துச்சு. அதனாலதான் ஒரு நாயை ஊரே வளக்க முடிஞ்சுச்சு. இப்ப அதே இரும்பை அதே மலைல தோண்டுறோம், ஆனா ஆளு பிளேன்ல பறந்துட்டே இருக்கான். ரெட் டாக் மாதிரி இன்னொரு நாய் இனி அங்க வரவே வராதான்னு கேட்டா, நாய் வரும், வந்துச்சே, நான்தான் பாத்தேனே. சேத்துக்கத்தான் ஊர் இல்ல.

2 ஜூலை 2024

ஏன் நீங்க ஒருத்தராவது முன்னாடியே ஏற்பாடு பண்ணலன்னு ஒரு தங்கச்சி கோவமா கேட்டிருக்காங்க. நியாயமான கோவம். லீவுக்குப் போறப்ப அடுத்தவன் பாத்துப்பான்னு நெனச்சேன், அடுத்தவனும் அதையேதான் நெனச்சிருக்கான். அடுத்த வருஷம் நான் கராத்தால வீடு எடுத்துக் குடும்பத்தைக் கூட்டிட்டு வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம், வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லியிருக்கேன்.

6 ஜூலை 2024, காலை 9.00

வெஷம் பத்தி. 1979 நவம்பர். கராத்தால டூட்டில இல்லாத ஒரு போலீஸ்காரர் ரெட் டாக்கைப் பாக்குறப்ப அது ரோட்டுல வெட்டி வெட்டி இழுத்துக்கிட்டு இருந்திருக்கு. கால்நடை டாக்டர் ரிக் ஃபென்னியைக் கூப்புட்டாங்க. அவர் நாள்கணக்குல வெச்சு வைத்தியம் பாத்தார், ஆனா மூளை பாதிச்சிருச்சு, இனி தேறாதுன்னு தெரிஞ்சதும் ஊசி போட்டுத் தூங்கவெச்சுட்டார். ரோபோர்ன் பக்கத்துல காஸக்னு ஒரு பழைய துறைமுகம், முத்துக் குளிச்ச காலத்துல ஓகோன்னு இருந்து இப்ப ஆளில்லாத ஊர், அதுக்குக் கிட்ட அடையாளம் எதுவும் வெக்காம, ஆனா மரியாதையாப் பொதைச்சாங்க.

வெஷம் ஸ்ட்ரிக்னின்னு சொல்லப்படுது. வேணும்னே யாரோ வெச்சிருக்கலாம்னு எழுதினவங்க உண்டு. ஆடு மாடு வளக்குற பண்ணைங்க இருக்கற சீமைல டிங்கோவைக் கொல்ல ஸ்ட்ரிக்னினைக் கறில வெச்சுப் போடுறது ரொம்பக் காலமா இருந்த பழக்கம், அதைத் தின்னாலும் இதே கதிதான். ஆனா சாகவிட்டவன் ஒருத்தன், சாகவிடாம ராத்திரி பகலா முழிச்சிருந்தவன் இன்னொருத்தன், எனக்கு ரெண்டாமவனைத்தான் பேசப் பிடிக்குது.

6 ஜூலை 2024, பிற்பகல் 1.30

ஸ்ட்ரிக்னின்னா என்னன்னு கேட்டவருக்கு. நமக்கு நல்லாத் தெரிஞ்சதுதான், எட்டி. எட்டிக்கொட்டைல இருக்கற வெஷம்தான் ஸ்ட்ரிக்னின். எட்டி பழுத்தென்ன ஈயாதார் வாழ்ந்தென்னன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே அதே எட்டி. எங்க தாத்தா ஊர்ல குளத்தங்கரைல ஒரு மரம் நின்னுச்சு, பழம் பாக்க சாத்துக்குடி மாதிரி ஆரஞ்சு நெறத்துல தொங்கும், உள்ள கொட்டை பழைய காலணா சைஸுல தட்டையா, சாம்பலா, மேல பட்டு மாதிரி மினுமினுன்னு ரோமம். தொட்டா கைய கழுவாம வீட்டுக்குள்ள விடமாட்டாங்க ஆச்சி. சித்த மருந்துல சுத்தி பண்ணித்தான் சேப்பாங்க.

அது என்ன பண்ணும்னா, ஒடம்புல தசைக்கு இழு விடுன்னு நரம்பு சொல்லிட்டே இருக்கும், அதுல விடுங்கறதை இது அடைச்சிரும். எல்லாத் தசையும் ஒரே நேரத்துல இழுக்கும். சின்னச் சத்தம், வெளிச்சம், யாராவது தொட்டாக்கூட வலிப்பு வந்துரும். அதனால வெஷம் தின்ன நாயை இருட்டு ரூம்ல, சத்தமில்லாம, மயக்க மருந்து குடுத்து வெக்கணும். இதைப் படிச்ச அன்னிக்குத்தான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. ஊர்ல பாதிப் பேர் ஓடிவந்து தலையத் தடவிக்குடுக்க நெனச்சிருப்பாங்க. ஆனா தொடவே கூடாது. வாழ்நாள் பூரா ஒவ்வொருத்தன் கையா தேடிப்போன நாயைக் கடைசி நாள்ல யாரும் தொடாம இருக்கறதுதான் வைத்தியம்.

9 ஜூலை 2024

நாய்க்கெல்லாமா சிலைன்னு கேட்டவருக்கு மட்டும் ஒரு வரி: திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல்லைப் போய்ப் பாருங்க. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம். வீரன் கருந்தேவக்கத்தி, பக்கத்துல அவன் நாய் கோவிவன். கள்ளனைக் கடிச்சுக் காத்து நின்ன நாய்னு பேரோட வெட்டி வெச்சிருக்காங்க.

14 ஜூலை 2024, மாலை 5.20

சிலையைப் பாத்த கதை. 2012 டிசம்பர், அங்க போயி ரெண்டாவது மாசம். கூட வேலை பாத்த ஒரு பெரியவர், அறுபது வயசு இருக்கும், யூட்ல ஏத்திட்டுப் போனார். யூட்னா நம்ம பிக்கப் வண்டி. பகல் ரெண்டு மணி. எறங்கினதும் செருப்பு தார்ல ஒட்டுது. பாறை மேல நாய் நிக்குது, காது தூக்கி, யாரோ வர்ற மாதிரி பாத்துக்கிட்டு. நான் நாய் முதுகுல கை வெச்சேன், சுரீர்னு சுட்டுச்சு, வெங்கலம் இல்லையா, தோசைக்கல்லு மாதிரி இருந்துச்சு. பெரியவர் ஒண்ணும் பேசல. வண்டிலருந்து தண்ணி பாட்டில் எடுத்து, தான் குடிக்காம, நாய் தலைல கொஞ்சம் ஊத்தினார். தண்ணி மூக்கு வழியா எறங்கி முன்னங்கால்கிட்ட வர்றதுக்குள்ள காஞ்சிருச்சு. அப்புறம் கைய வெச்சுத் தடவினார். போலாமான்னார்.

நாய் ஊர் சுத்தினப்ப அதுக்குக் கெடச்ச நண்பர்கள் எல்லாம் சேந்து வெச்சதுன்னு சிலைல எழுதியிருக்கும். கம்பெனி வெச்சதுன்னு இல்ல. விளம்பரக் கதையான்னு கேட்ட தம்பி இதைக் கவனிக்கணும்.

அந்தப் பெரியவருக்கு நாயைத் தெரியுமான்னு நான் கேக்கவே இல்ல. 1979க்கு முன்னாடி அவர் அங்க இருந்தாரான்னும் தெரியாது. கேட்டிருக்கலாம்.

15 ஜூலை 2024

போக நெனக்கிறவங்களுக்கு: பெர்த்துலருந்து கராத்தாவுக்கு பிளேன் இருக்கு, ரெண்டு மணி நேரம். அங்கருந்து டேம்பியர் இருபது கிலோமீட்டர். மே மாசத்துலருந்து ஆகஸ்ட்டுக்குள்ள போங்க. தண்ணி ஆளுக்கு ஒரு பாட்டில் அதிகமா எடுத்துக்கங்க.

21 ஜூலை 2024, இரவு 8.40

கேம்ப் நாய்க்கு என்ன பேர்னு மூணு பேர் கேட்டுட்டீங்க. நைட் ஷிப்ட் ஃபிட்டருங்க ஸ்மோக்கோன்னாங்க, டீ பிரேக்குக்கு அங்க அதான் பேரு, கரெக்டா அந்த நேரத்துக்கு வந்துரும்னு. மெஸ்ல ஒரு பிலிப்பைன்ஸ் அக்கா வேற ஏதோ சொல்லிக் கூப்புடுவாங்க, எனக்கு வாய்ல வராது. நான் செவலைன்னு கூப்புட்டேன். மூணுக்கும் திரும்பிப் பாக்கும்.